கிரனாடாவுக்கு முதல் பயணம்: அரை மணி நேரத்தைச் சுற்றித் திட்டமிடும் முழுமையான வழிகாட்டி

ஸ்பெயினின் தென்பகுதியில் உள்ள கிரனாடாவுக்கு முதன்முறையாகச் செல்பவர்களில் பெரும்பாலோர் விமானச் சீட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அடுத்து விடுதி, அதற்கடுத்து ரயில் என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டு, புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது அங்குள்ள பழைய கோட்டை அரண்மனை வளாகமான அல்ஹம்ப்ராவுக்கான நுழைவுச் சீட்டைத் தேடுகிறார்கள். அந்நேரம் தாங்கள் அங்கே இருக்கப்போகும் இரண்டு நாட்களுக்கும் அதிலுள்ள நஸ்ரித் அரண்மனைகளில் ஓர் இடம்கூட மிச்சமில்லை என்று தெரியவருகிறது.

அல்ஹம்ப்ரா என்பது ஒரே கட்டடம் அன்று. குன்றின்மேல் நிற்கும் அல்கசாபா என்னும் கோட்டை, முன்பு இங்கே ஆண்ட நஸ்ரித் அரசர்களின் அரண்மனைகள், சற்றுத் தள்ளி ஹெனெரலீஃபே தோட்டங்கள் ஆகிய மூன்றும் கட்டணப் பகுதிகள். இவற்றுள் நஸ்ரித் அரண்மனைகளுக்குள் அரை மணி நேரத்துக்கு 300 பேரை மட்டுமே விடுகிறார்கள். உங்கள் சீட்டில் அச்சாகும் அந்த அரை மணி நேரம்தான் பயணத்தில் அசைக்க முடியாத ஒரே பொருள். அதை முதலில் உறுதி செய்துவிட்டு மற்றவற்றை அதற்கேற்ப நகர்த்த வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன.

1. நாட்களையும் மாதத்தையும் முடிவு செய்தல்

குறைந்தது இரண்டு இரவுகள் தங்குங்கள்; மூன்று இரவுகள் கிடைத்தால் இன்னும் நல்லது. மலாகாவிலிருந்தோ செவில்லிலிருந்தோ காலையில் வந்து மாலையில் திரும்புபவர்கள் அல்ஹம்ப்ராவைப் பார்த்துவிடுகிறார்கள். ஆனால் எதிர்க் குன்றிலுள்ள அல்பைசினிலிருந்து மாலை வெயிலில் அதைப் பார்க்கும் நேரத்தில் அவர்கள் ரயிலில் இருப்பார்கள்.

ஏப்ரல், மே, செப்டம்பரின் பிற்பாதி, அக்டோபர் ஆகியவை நடப்பதற்கு ஏற்ற காலம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது வழக்கம். வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று எண்ணி வருபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ஊரில் நாம் நண்பகலில் மலையேறுவதில்லை. நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை சுழியத்தை ஒட்டி இறங்கிவிடும். டிசம்பரில் செல்பவர்களுக்குக் கனமான மேலங்கி வேண்டும்.

டிசம்பர் 25, ஜனவரி 1 ஆகிய நாட்களில் அல்ஹம்ப்ரா திறக்காது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஊர்வலங்களுக்காகத் தெருக்களை மூடுவார்கள். பேருந்துகள் தடம் மாறும். விடுதிக் கட்டணம் ஏறும். ஊர்வலங்களைப் பார்ப்பதே நோக்கமென்றால் அந்த வாரம் வாருங்கள். இல்லையேல் அதைத் தவிர்ப்பது மேல்.

2. கடவுச்சீட்டும் விசாவும்

முதலில் கடவுச்சீட்டின் காலாவதி நாளைப் பாருங்கள். ஷெங்கன் பகுதியை (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளை) விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் அது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்; வழங்கப்பட்டு பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. புதுப்பிக்க வேண்டியிருந்தால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். அல்ஹம்ப்ரா சீட்டு கடவுச்சீட்டு எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. புதுப்பித்தால் எண் மாறிவிடும். பழைய எண்ணில் சீட்டை வாங்கிவிட்டுப் புதிய கடவுச்சீட்டோடு வாயிலில் நின்று விளக்கம் சொல்வதைவிட முன்கூட்டியே மாற்றிக்கொள்வது எளிது.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாட்களுக்கும் குறைவாக இருந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பல நாடுகளுக்குச் செல்பவர்கள் எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிசில் ஐந்து நாள், ஸ்பெயினில் மூன்று நாள் என்றால் ஸ்பெயினிடம் விண்ணப்பிக்க இயலாது.

இங்கே ஒரு தயக்கம் எழும்: விசா கிடைக்கும் முன்பே சீட்டு வாங்குவது சரியா? ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான பயணங்களுக்கு வாங்கிவிடுங்கள் என்பதே என் கருத்து. விசா மறுக்கப்பட்டால் ஒருவருக்கு ஏறக்குறைய 20 யூரோ போகும். விசா வரும்வரை காத்திருந்தால் பயணத்தின் மையமே போய்விடும். இவ்விரண்டில் முதல் இழப்பு சிறியது.

3. அல்ஹம்ப்ரா சீட்டை வாங்குதல்

அல்ஹம்ப்ராவை நிர்வகிக்கும் அமைப்பின் பெயரில் "பத்ரோனாதோ" என்ற சொல் வரும். அதன் இணையதளத்தில்தான் சீட்டு வாங்க வேண்டும். தேடுபொறியில் அல்ஹம்ப்ரா என்று தேடினால் அந்த அமைப்பின் தளத்துக்கு முன்பாகவே விளம்பரமாக வேறு பல தளங்கள் வரும். அவற்றில் பல நேர்மையான முகவர் நிறுவனங்களே என்றாலும், வழிகாட்டியோடு கூடிய சுற்றுலாவைத்தான் அவை விற்கும். விலை இரண்டு மூன்று மடங்காக இருந்தால் நீங்கள் இருப்பது அப்படிப்பட்ட தளம் என்று கொள்ளலாம்.

தளத்தில் பல வகைச் சீட்டுகள் இருக்கும். முதன்முறை செல்பவர்களுக்கு வேண்டியது "ஹெனெரால்" எனப்படும் பொதுச் சீட்டு. அதில் மூன்று கட்டணப் பகுதிகளும் அடங்கும். அதற்குப் பக்கத்திலேயே "தோட்டங்கள், ஹெனெரலீஃபே, அல்கசாபா" என்று ஒரு சீட்டு விற்பனைக்கு இருக்கும். அதன் விலை குறைவு, எளிதாகவும் கிடைக்கும். ஆனால் அதில் நஸ்ரித் அரண்மனைகள் இல்லை. நான் கண்டவற்றில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். என்னோடு வந்த ஒரு குடும்பம் "அல்ஹம்ப்ரா" என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் இந்தச் சீட்டை வாங்கிவிட்டது; நஸ்ரித் அரண்மனைகளின் வாயிலிலிருந்து நால்வரும் திரும்ப நேர்ந்தது. சீட்டின் விவரத்தில் "நசரீயெஸ்" (நஸ்ரித் என்பதன் ஸ்பானிய வடிவம்) என்ற சொல் இருக்கிறதா, நஸ்ரித் அரண்மனைகளுக்கான நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறதா என்று பாருங்கள். நேரம் கேட்கவில்லையென்றால் அது தவறான சீட்டு.

அடுத்து நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 14 வரை காலை 8.30 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடுகிறார்கள். மற்ற மாதங்களில் மாலை 6 மணிக்கே மூடிவிடுவார்கள். நான் விரும்புவது காலை 9.30 அல்லது 10 மணி நேரத்தை. 8.30க்கு அல்கசாபாவில் நுழைந்தால் நிழலே இல்லாத அந்தக் கோட்டை வெளியை வெயில் ஏறும் முன் பார்த்துவிடலாம். அங்கிருந்து அரண்மனை வாயில் சில நிமிட நடைதான். 8.30 மணி நேரமும் அமைதியானதுதான், ஆயினும் குழந்தைகளோடும் முதியவர்களோடும் அவ்வளவு காலையில் குன்றேறி வந்து சேர்வது எல்லோருக்கும் இயலாது. குளிர்காலத்தில் பிற்பகல் 3 மணிக்குப் பிந்தைய நேரத்தை எடுக்காதீர்கள். அரண்மனைகளை விட்டு வெளியே வருவதற்குள் ஹெனெரலீஃபேவுக்கு நேரமிருக்காது.

பெயர் எழுதும் இடத்தில் நம்மவர்கள் தடுமாறுவது இயல்பு. ஸ்பானியருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. நமக்கோ பெரும்பாலும் ஒன்றுகூட இல்லை. படிவம் பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்களைத் தரும். அன்றாடம் எழுதும் தலைப்பெழுத்தைப் போட்டு நிறுத்திவிடாமல், கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிவாக அச்சாகியிருந்தால் அதையே எழுதுங்கள். குடும்பப் பெயர்ப் பகுதி வெறுமையாக உள்ளவர்கள் இரண்டாம் கட்டத்திலும் தம் பெயரையே மீண்டும் எழுதலாம். நான் அவ்வாறு செய்து சிக்கலின்றி உள்ளே சென்றிருக்கிறேன். வாயிலில் உண்மையாக ஒப்பிடப்படுவது எண். ஆகவே ஆவண வகையில் "பசபோர்த்தே" என்பதைத் தேர்ந்தெடுத்து, எண்ணை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டுப் பணம் செலுத்துங்கள்.

12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சீட்டு இல்லாமல் விட மாட்டார்கள், கைக்குழந்தையாக இருந்தாலும் சரி. 300 பேர் கணக்கில் அக்குழந்தையும் ஓர் இடம் என்பதால், பெற்றோர் சீட்டு வாங்கும்போதே குழந்தைக்கும் சேர்த்து அதே நேரத்தில் வாங்க வேண்டும்.

வாங்கிய சீட்டின் நாளை மாற்றலாம், பணம் திரும்பக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பை வைத்துக்கொள்ளாதீர்கள்.

4. சீட்டு தீர்ந்துபோயிருந்தால்

முதலில் அந்த அமைப்பின் தளத்தையே நாள்தோறும் பாருங்கள். விட்டுக்கொடுக்கப்படும் இடங்கள் அவ்வப்போது திரும்பி வருகின்றன. ஒருவர், இருவராகச் செல்பவர்களுக்கு இவ்வழியில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் கிடைப்பது அரிது.

அடுத்தது "கிரனாடா கார்டு" எனப்படும் நகர அட்டை. அதில் அல்ஹம்ப்ராவோடு பேராலயம், அரச சிற்றாலயம், கார்த்துஹா மடம் முதலிய இடங்களும் சில பேருந்துப் பயணங்களும் அடங்கும். பொதுச் சீட்டு தீர்ந்த நாளிலும் இவ்வட்டைக்கென ஒதுக்கிய இடங்கள் மிச்சமிருப்பதுண்டு. வாங்கும்போதே நஸ்ரித் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது வழி இரவுச் சீட்டு. நஸ்ரித் அரண்மனைகளை மட்டும் இரவில் பார்க்கலாம். குளிர்காலத்தில் வெள்ளி, சனி ஆகிய இரு இரவுகள் மட்டுமே. குளத்தில் கோபுரம் விழும் நிழலும் குறைந்த ஒளியில் தெரியும் சுண்ண வேலைப்பாடும் இரவில் வேறு அழகு. ஆனால் ஜன்னல்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. பகலில் தோட்டச் சீட்டும் இரவில் அரண்மனைச் சீட்டும் வாங்கினால் மூன்று பகுதிகளும் கிடைத்துவிடும். குன்றை இரண்டு முறை ஏற வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாம் கைவிட்டால் மட்டும் வழிகாட்டியோடு கூடிய சுற்றுலாவுக்குப் போங்கள். அதில் உங்கள் விருப்பப்படி நிற்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

5. வந்து சேர்தலும் தங்குமிடமும்

சீட்டு கையில் வந்தபின் போக்குவரத்தைப் பதிவு செய்யுங்கள். மத்ரித்தின் அத்தோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். நீண்ட தொலைவு ரயில்களுக்குப் பைகளை ஊடுகதிரில் சோதிப்பார்கள். புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்பே நடைமேடைக்கான வழியை மூடிவிடுவார்கள். நம் ஊர் ரயில்போல் ஓடிவந்து ஏற இயலாது, அரை மணி முன்னதாக வந்துவிடுங்கள். மலாகா விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்குப் பேருந்தே வசதி.

வந்திறங்கும் நாளிலேயே அல்ஹம்ப்ரா நேரத்தை வைக்காதீர்கள். ஒரு விமானத் தாமதம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

தங்குமிடத்தைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் அல்பைசினின் உச்சியில் மாடம் வைத்த வீட்டைப் பிடித்துவிடுகிறார்கள். காட்சி அருமைதான். ஆனால் அங்கே பல தெருக்களில் கார் நுழையாது. கூழாங்கல் பதித்த படிகளில் சக்கரப் பெட்டி உருளாது. 20 கிலோ பெட்டியைத் தோளில் சுமந்து ஏறிய அனுபவத்தோடு சொல்கிறேன்: முதல் பயணத்துக்கு பிளாசா நுவேவா, பேராலயம், பிப்-ரம்பிளா சதுக்கம் ஆகியவற்றுக்கு நடுவே, சமதளத்தில் தங்குங்கள். இங்கிருந்து எல்லாத் திசைகளுக்கும் நடக்கலாம், சிற்றுந்துகளும் இங்கிருந்தே கிளம்புகின்றன. நகர மெட்ரோ ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் தொட்டுச் செல்கிறது, ஆனால் பழைய நகருக்குள் வராது.

வாடகைக் காரில் வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய நகரின் பல தெருக்களில் அனுமதியற்ற வண்டிகளைக் கேமரா பதிவு செய்யும். அபராதம் பல வாரம் கழித்து வாடகை நிறுவனத்தின் வழியே வந்து சேரும். விடுதியிடம் முன்பே கேட்டு வண்டி எண்ணைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், அல்லது வெளியே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். அல்ஹம்ப்ராவுக்கென்று தனி வண்டி நிறுத்துமிடம் உண்டு. சுற்றுச்சாலை வழியாகவே அதை அடையலாம்.

6. அல்ஹம்ப்ரா நாள்

முந்தைய இரவே மூன்றை எடுத்துவையுங்கள்: மூலக் கடவுச்சீட்டு, சீட்டு, தண்ணீர்ப் புட்டி. கடவுச்சீட்டின் நகலோ கைப்பேசியில் உள்ள படமோ போதும் என்று எண்ணி வருபவர்கள் விடுதிக்குத் திரும்பி ஓடுகிறார்கள். உள்ளே ஒரே இடத்தில் மட்டுமல்லாமல் ஒவ்வொரு பகுதியின் வாயிலிலும் அதைக் கேட்கலாம் என்பதால் எளிதில் எடுக்கும் பையில் வையுங்கள். பெரிய பைகளை விட மாட்டார்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள், சுவர் வேலைப்பாட்டில் உரசாமல் இருப்பதற்காக.

குன்றேறுவதற்கு இரண்டு வழிகள். பிளாசா நுவேவாவிலிருந்து கொமேரெஸ் தெருவில் ஏறினால் மாதுளை செதுக்கிய வளைவு வரும். (கிரனாடா என்ற சொல்லுக்கே ஸ்பானிய மொழியில் மாதுளை என்றுதான் பொருள், நகர் முழுவதும் தெருவோரத் தடுப்புக் கம்பங்கள் வரை மாதுளையைக் காணலாம்.) வளைவைத் தாண்டி இடப்புறப் பாதையில் ஏறினால் நீதி வாயிலை அடையலாம். மொத்தம் 20 நிமிடம், மர நிழலில், ஆனால் செங்குத்தாக. முழங்கால் வலி உள்ளவர்கள் இசபெல் லா கத்தோலிக்கா சதுக்கத்தில் சி30 சிற்றுந்தில் ஏறுங்கள்.

அந்தப் பேருந்திலிருந்து எங்கே இறங்குவது என்பதில்தான் பிழை நேர்கிறது. எல்லோரும் இறங்கும் மேல் நிறுத்தத்தில் சீட்டு விற்கும் முகப்பு இருக்கிறது. கையில் சீட்டு உள்ளவர்களுக்கு அங்கே வேலையில்லை. அங்கிருந்து நஸ்ரித் வாயிலுக்கு நடக்கவே கால் மணி நேரம் ஆகும். நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக முகப்பில் இறங்குபவர்கள் வியர்க்க ஓடுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். சீட்டு இருந்தால் நீதி வாயில் நிறுத்தத்தில் இறங்குங்கள். நஸ்ரித் வாயில், அல்கசாபா, ஐந்தாம் கார்லோஸ் அரண்மனை மூன்றும் அங்கிருந்து மிக அருகில்.

உள்ளே வரிசை இப்படி இருக்கட்டும்: அல்கசாபா, நஸ்ரித் அரண்மனைகள், பர்த்தால் என்னும் தோட்டம், ஹெனெரலீஃபே. நஸ்ரித் அரண்மனைகள் ஒருவழிப் பாதை. அதிலிருந்து வெளியேறினால் பர்த்தால் தோட்டத்தில் விடுவார்கள், அங்கிருந்து பாதை இயல்பாகவே ஹெனெரலீஃபே திசையில் செல்கிறது. அல்கசாபாவைக் கடைசிக்கு வைத்தால் வந்த வழியே முழுவதும் திரும்பி நடக்க வேண்டும். உங்கள் நேரம் பிற்பகலில் அமைந்துவிட்டால் மட்டும் ஹெனெரலீஃபேவை முதலில் முடித்துவிட்டு இறங்கி வாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே முறைதான் அனுமதி என்பதால், பாதியில் வெளியே வந்துவிட்டு மறுபடி நுழையலாம் என்று எண்ணாதீர்கள்.

நஸ்ரித் வரிசையில் உங்கள் நேரத்துக்கு 15 நிமிடம் முன்னதாக நில்லுங்கள். அதற்கு முன்பே கழிப்பறைக்குப் போய்வந்துவிடுங்கள். குறித்த அரை மணிக்குள் நுழைய வேண்டுமே தவிர, உள்ளே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்கு வரம்பில்லை. இதை அறியாமல் கூட்டத்தோடு கூட்டமாக 25 நிமிடத்தில் வெளியே வந்துவிடுபவர்கள் ஏராளம்.

கூட்டத்தைச் சமாளிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் நுழைந்தவர்கள் அனைவரும் முதல் அறையிலேயே படமெடுக்கத் தொடங்குவார்கள். நீங்கள் ஓர் ஓரமாகப் பத்து நிமிடம் நின்று சுவரைப் பாருங்கள். அந்த அலை முன்னே சென்றதும், அடுத்த அலை வருவதற்கு முன் ஓர் இடைவெளி கிடைக்கும். கொமாரெஸ் முற்றத்துக் குளத்தை அப்போது பார்த்தால் தண்ணீரில் கோபுரம் முழுதாகத் தெரியும். சிங்க முற்றத்தில் பன்னிரண்டு சிங்கங்களைச் சுற்றியே எல்லோரும் நிற்பார்கள். அதன் வடபுறம் உள்ள இரு சகோதரியர் மண்டபத்துக்குள் சென்று அண்ணாந்து பாருங்கள். தேன்கூடு போல் அடுக்கடுக்காகத் தொங்கும் சுண்ண விதானத்துக்குக் கழுத்து வலிக்கும்வரை நேரம் கொடுக்கலாம்.

அரபு எழுத்தை வாசிக்கப் பழகியவர்கள், ஊர் மதரசாவில் குர்ஆன் ஓதக் கற்ற தமிழ் முஸ்லிம்கள் உட்பட, சுவர்களில் ஒரே தொடர் நூற்றுக்கணக்கான முறை திரும்ப வருவதைக் கண்டுகொள்வார்கள்: "வ லா காலிப இல்லல்லாஹ்", இறைவனையன்றி வெல்பவர் இல்லை. நஸ்ரித் அரசர்களின் முழக்கம் அது. ஒருமுறை அடையாளம் தெரிந்துவிட்டால், பூ வேலைப்பாடு என்று நினைத்த பாதிச் சுவர் எழுத்தாக மாறிவிடும்.

மொத்தத்தில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே உணவுக்கு அதிக வாய்ப்பில்லை. காலை உணவை முடித்துவிட்டே ஏறுவது நல்லது. பிற்பகலுக்கு வேறெதையும் திட்டமிடாமல் இறங்கி வந்து ஓய்வெடுங்கள்.

7. அல்பைசினும் சாக்ரோமொன்தேயும்

அல்பைசின், அல்ஹம்ப்ராவுக்கு எதிரே தாரோ ஆற்றின் மறுகரையில் உள்ள குன்றுப் பகுதி. இங்கே ஒரே விதிதான்: பேருந்தில் ஏறி, நடந்து இறங்குங்கள். பிளாசா நுவேவாவிலிருந்து சி31 அல்லது சி32 சிற்றுந்து குறுகிய சந்துகளில் வளைந்து மேலே கொண்டுபோய் விடும். கீழிருந்து நடந்து ஏறுபவர்கள் மேலே சென்றதும் உட்கார இடம் தேடுகிறார்களே தவிர எதையும் பார்ப்பதில்லை.

மேலே உள்ள சான் நிக்கோலாஸ் காட்சி மாடத்துக்குச் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள். மாலை வெயில் அல்ஹம்ப்ராவின் செம்மண் சுவர்களில் நேரே விழும். பின்னால் சியெரா நெவாதா மலை, வசந்தம்வரை பனியோடு நிற்கும். ஸ்பெயினில் ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு 9.30 மணிக்கும் மேல் ஆகும், டிசம்பரில் 6 மணிக்கே இருட்டிவிடும். அன்றைய நேரத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள், நம் ஊர்க் கணக்கில் ஆறரைக்குப் போய் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டாம். மாடத்தின் கைப்பிடிச் சுவரில் நெரிசல் அதிகம். பணப்பையை முன்பக்கம் வையுங்கள். பக்கத்திலுள்ள பள்ளிவாசலின் தோட்டம் திறந்திருந்தால் அதே காட்சியை அமைதியாகப் பார்க்கலாம்.

இறங்கும்போது சப்பீஸ் சரிவு வழியாக ஆற்றங்கரைக்கு வந்து, தாரோ கரைத் தெருவில் பிளாசா நுவேவாவுக்கு நடங்கள். சரிவின் பாதியில் பிரியும் சாலைதான் குகை வீடுகள் நிறைந்த சாக்ரோமொன்தேக்குச் செல்கிறது. அங்கே இரவில் ஃபிளமெங்கோ நடனம் காண விரும்பினால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். குகையில் நடப்பதால் இருக்கை குறைவு, ஆடுபவர் கை எட்டும் தூரத்தில் இருப்பார்.

காலணி பற்றி ஒரு சொல். இந்தத் தெருக்களின் கூழாங்கற்கள் பல தலைமுறைக் கால்கள் பட்டு வழவழப்பாகிவிட்டன. மழையில் தோல் செருப்பு வழுக்கும், பிடிமானமுள்ள ரப்பர் அடி வேண்டும்.

8. கீழ் நகரம்

பேராலயமும் அரச சிற்றாலயமும் ஒட்டி நின்றாலும் வாயில்கள் வேறு, சீட்டுகள் வேறு. ஒன்றுக்கு வாங்கிவிட்டு மற்றதற்குள் நுழைய முயல வேண்டாம். நேரம் குறைவென்றால் அரச தம்பதியரான இசபெல்லா, ஃபெர்னான்தோ இருவரின் கல்லறை உள்ள அரச சிற்றாலயத்தையே தேர்வேன். ஞாயிற்றுக்கிழமை காலை வழிபாட்டுக்குரியது. பேராலயத்தைப் பார்க்கப் பிற்பகலில் செல்லுங்கள்.

இவ்விரண்டையும் ஒட்டியுள்ள தெருவில் சில பெண்கள் ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணிப்பார்கள். வாங்கிக்கொண்டால் கைரேகை பார்த்துவிட்டுப் பணம் கேட்பார்கள், விடமாட்டார்கள். கையை நீட்டாமல் "நோ, கிராசியாஸ்" என்று சொல்லி நடந்துகொண்டே இருங்கள்.

9. உணவும் அதன் நேரமும்

கிரனாடாவில் மதுக்கூடத்தில் ஒரு பானம் வாங்கினால் சிறு தட்டில் தாபா என்னும் சிற்றுண்டி இலவசமாக வரும். மது அருந்தாதவர்கள் தமக்கு இது இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். "மொஸ்தோ" என்னும் புளிக்காத திராட்சைச் சாறு கேட்டாலும் பல கடைகளில் தாபா உண்டு.

சிக்கல் என்னவென்றால், தட்டில் வருவதைக் கடைக்காரரே முடிவு செய்வார்; பன்றி இறைச்சித் துண்டு வர வாய்ப்பு மிக அதிகம். சைவம் என்று மட்டும் சொன்னால் சூரை மீன் வைத்த சாலடு வருவதுண்டு, அங்கே பலருக்கு மீன் இறைச்சிக் கணக்கில் சேர்வதில்லை. எனவே பானம் கேட்கும்போதே "சின் கார்னே, நி ஹாமோன், நி பெஸ்காதோ" என்று இறைச்சி, ஹாமோன் என்னும் பன்றித் தொடை இறைச்சி, மீன் ஆகிய மூன்றையும் விலக்கிச் சொல்லுங்கள். மாட்டிறைச்சியை மட்டும் தவிர்ப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய சொல் "தெர்னேரா". நம்பிக் கேட்கக்கூடியவை: கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், உருளைக்கிழங்கு தொர்த்தில்யா (முட்டை உண்டு), கொண்டைக்கடலை போட்ட கீரை. சல்மொரேஹோ என்னும் குளிர்ந்த தக்காளிக் கூழின் மேல் ஹாமோன் தூவியிருப்பார்கள், வேண்டாமென்று முன்பே சொல்ல வேண்டும்.

மதிய உணவு 1.30 முதல் 4 வரை, இரவுணவுக்கு 8.30க்கு முன் சமையலறை திறப்பதே அரிது. சிறு கடைகள் பிற்பகல் 2 முதல் 5 வரை மூடிக்கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் திறப்பதில்லை. குழந்தைகளுக்கு ஏழு மணிக்கே பசிக்கும் என்பவர்கள் மாலையில் பழமும் ரொட்டியும் வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது.

10. புறப்படும் நாள்

விடுதி அறையை நண்பகலுக்குள் காலி செய்யச் சொல்வார்கள். மாலை ரயிலென்றால் பெட்டியை வரவேற்பிலேயே வைத்துவிட்டுச் செல்லக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சிறு விடுதிகளில் பிற்பகலில் வரவேற்பில் ஆள் இருக்கமாட்டார் என்பதால் எத்தனை மணிக்குத் திரும்பி வருவீர்கள் என்பதையும் அப்போதே சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். மீதமுள்ள காலைப்பொழுதுக்கு தாரோ கரையிலுள்ள எல் பன்யுவேலோ என்னும் பழைய அரபுக் குளியலகம் பொருத்தமானது. விண்மீன் வடிவத் துளைகள் வழியே ஒளி இறங்கும் அவ்வறைகளைப் பார்க்க அரை மணி போதும். திரும்பும் வழியில் "பியோனோனோ" வாங்கிக்கொள்ளலாம். பக்கத்து ஊரான சாந்தா ஃபேயில் பிறந்த இந்தச் சிறு இனிப்பு பாகில் ஊறியது என்பதால் பெட்டியைக் கிடைமட்டமாகவே பிடித்துச் செல்லுங்கள். கைப்பையில் சாய்த்து வைத்தால் மத்ரித் போய்ச் சேர்வதற்குள் உடைகளெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.